நம் சந்தாவுக்குக் கணக்கு உண்டு, கட்சிப் பணத்துக்கு?

தோட்டப் பாட்டாளித் தோழர்களே! நம் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற சங்கச் சந்தாவைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனாலும் அதற்கு எத்தனை காவல்! வருஷா வருஷம் கணக்கெழுதி, ஆடிட்டர் பார்த்து, தொழிற்சங்கப் பதிவு இலாகாவில் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். நிர்வாகிகளை ரகசிய வாக்கெடுப்பில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதோடு, அந்தப் பணத்தில் ஒரு காசைக்கூட அரசியல் கட்சிக்கோ வேட்பாளருக்கோ தூக்கிக் கொடுக்கக்கூடாது. 1959ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் சொல்வது இது. நல்ல சட்டம்தான், நமக்கு வருத்தமில்லை. தொழிலாளியின் பணத்துக்குக் காவல் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் சுவருக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம் அல்லவா? ஒரு கம்பெனி முதலாளி ஒரு கட்சிக்கு எவ்வளவு நன்கொடை கொடுக்கலாம்? மனசு போல் கொடுக்கலாம், வரம்பு கிடையாது. கொடுத்தவர் பெயரைக் கட்சி வெளியே சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டத்தின்படி நாடாளுமன்ற வேட்பாளர் 2 லட்சம் வெள்ளிக்கு மேலும், சட்டமன்ற வேட்பாளர் 1 லட்சம் வெள்ளிக்கு மேலும் செலவழிக்கக்கூடாது. ஆகா, வரம்பு இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். அது வேட்பாளருக்குத்தான், கட்சிக்கு அல்ல. வேட்பாளர் ஓட்டுகிற மோட்டார் சைக்கிளுக்கு பிரேக் உண்டு. கட்சி ஓட்டுகிற லாரிக்கு பிரேக்கே கிடையாது.

"இதையெல்லாம் ஏன் தோட்டப் பகுதியில் எழுதுறீங்க? சம்பளத்தைப் பத்தி எழுதுங்க" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். சம்பளத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று தீர்மானிப்பது யார்? அரசாங்கம். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு வீட்டு மனையாகும்போது, லயத்தில் குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடு உண்டா இல்லையா என்ற பேச்சு எங்கே போய் நிற்கிறது? மாநில அரசாங்கத்தின் மேசையில். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருடைய தேர்தல் செலவை யார் பார்த்துக்கொண்டார் என்று நமக்குத் தெரியாது. நாம் மனு கொண்டுபோகிறோம். முன்னால் போனவர் என்ன கொண்டுபோனாரோ!

அதனால்தான், தேர்தலை நேர்மையாக நடத்து, தேர்தல் பணத்துக்குக் கணக்குக் காட்டு என்று சம்பளமில்லாமல் ஓடியாடுகிற தொண்டர்களைப் பற்றி இன்று எழுத வந்தோம். பெர்சே என்றால் மஞ்சள் சட்டை, ஊர்வலம், கண்ணீர்ப்புகை என்றுதான் நம்மில் பலருக்கு ஞாபகம். அது பொய்யில்லை. 2007 நவம்பர் 10இல் மழையோடு மழையாக ஆயிரக்கணக்கான மக்கள் மாமன்னரிடம் மனு கொடுக்கக் கோலாலம்பூரில் நடந்தார்கள். 2010இல் கட்சிகளின் பிடியிலிருந்து விலகி, பொது இயக்கங்களின் கூட்டமைப்பாக அது மறுபடி புறப்பட்டபோது, முன்னாள் வழக்கறிஞர் மன்றத் தலைவர் டத்தோ அம்பிகா சீனிவாசன் தலைமை ஏற்றார். 2011 ஜூலை 9இல் மஞ்சள் சட்டை போட்டாலே பிடிப்போம் என்ற காலம். 1,600க்கும் மேற்பட்டோரைப் பிடித்தார்கள். 2016 நவம்பரில், ஐந்தாவது பேரணிக்கு முதல் நாள், அன்றைய தலைவி மரியா சின் அப்துல்லாவைக் கைது செய்து பத்து நாள் வைத்திருந்தார்கள்.

ஊர்வலம் பத்திரிகையில் படமாக வந்தது. படத்தில் வராத வேலை ஒன்று இருக்கிறது, நமக்கு அதுதான் முக்கியம்.

பழைய காலத்துத் தோட்டங்களில் செக்ரோலில் ஆளே இல்லாத பெயர் ஏறும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். செத்தவனுக்கும் சம்பளம் விழும். அது வேறு யார் மடியிலோ போய்ச் சேரும். வாக்காளர் பட்டியலும் ஒரு செக்ரோல்தான். ஒரே விலாசத்தில் ஐம்பது பேர், நூறு பேர் என்று பெயர் கிடந்தால், யாராவது ஒருவர் அந்த விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். இந்த வேலையைத் தொண்டர்கள் செய்தார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார், பேங்குக் கிராணி, காலேஜில் படிக்கிற பிள்ளை, இப்படி. ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்தவர்கள்.

இன்னொரு வேலை, வாக்குச்சாவடியில் உட்கார்வது. ஓட்டு எண்ணி முடிந்ததும் அந்த வகுப்பறைக்கான கணக்கை 14ஆம் பாரத்தில் எழுதுவார்கள். போராங் அம்பாட் பெலாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதிலே அதிகாரியின் கையெழுத்தும், எண்ணுவதைப் பார்த்த முகவர்களின் கையெழுத்தும் இருக்க வேண்டும். முகவருக்கு ஒரு பிரதி கையில் வர வேண்டும். அந்தக் காகிதம் கையில் இருக்கிற வரையில் வழியிலே கணக்கை மாற்ற எவனாலும் முடியாது. ஆனால் அந்த இடத்தில் உட்கார ஆள் இல்லாவிட்டால்? பக்காத் தகரத்தில் கூரை போட்டு, கதவைத் திறந்து வைத்த மாதிரிதான். எத்தனையோ உள்புறத் தோட்டப் பள்ளிகளில் எதிர்த்துப் போட்டியிட்டவர்களுக்கு முகவரே இல்லாமல் எண்ணி முடித்த காலம் உண்டு. இந்தக் குறையைத்தான் தொண்டர்கள் பயிற்சி வகுப்பு வைத்து நிரப்பினார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளும் சிலர் போய்க் கற்றுக்கொண்டார்கள் என்பதைப் பெருமையோடு சொல்லலாம்.

பலன் இல்லாமலும் போகவில்லை. விரலில் வைக்கிற அழியா மை 2008 தேர்தலுக்கு வாங்கி வைத்திருந்தும், ஓட்டுப் போடும் நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது வேண்டாம் என்றார்கள். விடாமல் கேட்டதால் 2013இல் மை வந்தது. (தேய்த்தால் போய்விட்டது என்று பலர் விரலைக் காட்டிச் சத்தம் போட்டது வேறு கதை.) ஓட்டுரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்க இளைஞர்கள் இயக்கம் நடத்தி, 2019 ஜூலையில் மக்களவையில் இருந்த 211 பேரும் ஒரே மனதாகக் கை தூக்கினார்கள். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானால் தானாகவே பெயர் பட்டியலில் ஏறிவிடுகிறது.

தொகுதி எல்லைக் கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை. 2022 தேர்தலில் சிலாங்கூர் பாங்கியில் 3 லட்சத்துக்கு மேல் வாக்காளர். சரவாக் ஈகானில் 28 ஆயிரம் சொச்சம். இரண்டுக்கும் ஆளுக்கொரு உறுப்பினர். பாங்கியில் பத்துப் பேர் சேர்ந்து தூக்குகிற மூட்டையை ஈகானில் ஒருவர் தூக்குகிறார். 2013இல் நாடு முழுவதும் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கிய கூட்டணிக்கு 89 இடம், 47 விழுக்காடு வாங்கிய கூட்டணிக்கு 133 இடம் கிடைத்தது. கணக்கு வாத்தியார் இருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்.

சரி, பணத்துக்கு வருவோம்.

2022 தேர்தலுக்கு முந்தின வாரம் பேராக்கில் ஒரு தோட்டத்துக்குச் சங்க வேலையாகப் போயிருந்தோம். கோயில் திடலில் பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மூட்டையில் கட்சிச் சின்னம் இல்லை. அந்தச் சாமர்த்தியத்துக்குக் குறைச்சலில்லை. எழுபது வயசு ஆயா ஒருவர் தன் பங்கை பேரனின் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆயா, இது எதுக்குன்னு தெரியுமா?" என்று கேட்டோம்.

"ஏன் தெரியாம? ஓட்டுக்குத்தான். அஞ்சு வருசமா எட்டிப் பாக்காதவன் இன்னிக்கு மூட்டையோட வந்து நிக்கிறான். வேணாம்னு சொன்னா சாயங்காலம் உலைக்கு அரிசி யாரு போடுவா? நீ போடுவியா தம்பி?"

பக்கத்திலிருந்த பொம்பளைகள் சிரித்தார்கள். ஆயா கோபமாகப் பேசவில்லை, கணக்காகத்தான் பேசினார். பத்துக் கிலோ அரிசி அவருக்குப் பெரிசு. சட்டப்படி பார்த்தால் ஓட்டுக்குப் பணமோ பொருளோ கொடுத்தவர் மட்டுமல்ல, வாங்கியவரும் குற்றவாளி. சட்டம் அப்படி இருக்கலாம். ஆனால் அரிசி வாங்கின ஆயாவைத் திட்டிவிட்டு, ஒரு லாரி அரிசிக்குப் பணம் போட்டவர் யாரென்று கேட்காமல் போகிறவனை நாம் யோக்கியன் என்று சொல்ல மாட்டோம்.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு கேமரன் மலையே சாட்சி. தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் நம் மக்கள் நிறைய வாழ்கிற தொகுதி அது. 2018 மே 9இல் அங்கே 597 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி அறிவித்தார்கள். தோற்றவர் தேர்தல் நீதிமன்றம் போனார். பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது நிரூபணமாகி, அதே ஆண்டு நவம்பர் 30இல் அந்தத் தேர்தலே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2019 ஜனவரி 26இல் இடைத்தேர்தல். ஜெயித்தது பழைய கூட்டணிதான், ஆனால் வேட்பாளர் வேறு. பூர்வகுடி இனத்திலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மனிதர் அவர். முதலில் அந்த மக்களின் ஓட்டுக்கு விலை பேசினார்கள். பிறகு அவர்களில் ஒருவரையே நிற்க வைக்க வேண்டியதாயிற்று. ஒரு மனு செய்த வேலையைப் பார்த்தீர்களா?

சின்னக் காசு விவகாரம் இது. பெரிய காசு 2015 ஜூலையில் வெளியே வந்தது. அன்றைய பிரதமரின் சொந்த வங்கிக் கணக்கில் ஏறத்தாழ 260 கோடி வெள்ளி விழுந்திருக்கிறது என்ற செய்தி உலகமெல்லாம் பேசப்பட்டது. அரசியல் நன்கொடை என்று விளக்கம் சொன்னார்கள். நன்கொடை என்றால் சட்டத்தில் அதற்குத் தடை எங்கே இருக்கிறது என்று எதிர்க்கேள்வியும் கேட்டார்கள். அரசியல் நிதியை முறைப்படுத்த ஒரு குழு போட்டு, 2016இல் 32 பரிந்துரைகள் வந்தன. அதன் பிறகு 2018, 2020, 2021, 2022 என்று நான்கு தடவை ஆட்சி கைமாறியது. அந்த நான்கு ஆட்சி மாற்றங்களிலும் சட்டம் மட்டும் வரவில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது எல்லோருக்கும் இந்தச் சட்டம் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவசரமில்லை என்று ஆகிவிடுகிறது. கட்சி வித்தியாசம் பாராமல் சொல்கிறோம்.

தொண்டர்கள் கேட்பது என்ன? நன்கொடைக்கு ஒரு வரம்பு வை. கொடுத்தவர் பெயரை வெளியிடு. கட்சியின் செலவுக்கும் கணக்குக் கேள். முதலாளியின் கதவைத் தட்டாமல் கட்சி நடத்த, வாங்கின ஓட்டுக்குத் தக்கபடி பொதுப்பணத்திலிருந்து கொடு. ஆளுங்கட்சி உறுப்பினருக்குத் தொகுதி மானியத்தை அள்ளிக்கொடுத்து எதிர்க்கட்சி உறுப்பினரைக் கைவீசி அனுப்பாதே. இந்தக் கடைசி விஷயம் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் மானியம் கேட்டு நடையாய் நடந்த தோட்டக் கமிட்டிக்காரர்களுக்கு நன்றாகவே புரியும்.

"என் வரிப்பணத்துல இவன் போஸ்டர் ஒட்டணுமா?" என்று ஒரு வெட்டுக்கார நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நாமும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினோம். 2022இல் நாட்டில் வாக்காளர்கள் 2 கோடியே 11 லட்சம் பேர். ஆளுக்கு வருஷம் 2 வெள்ளி, ஒரு தேத்தண்ணிக் காசு, பொதுப்பணத்திலிருந்து ஒதுக்கினால் 4 கோடியே 22 லட்சம் வெள்ளி. அந்த ஒரே ஒரு வங்கிக் கணக்கில் விழுந்த பணம் இப்படிப் பார்த்தால் அறுபது வருஷத்துக்கு மேல் வரும். நண்பர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப இப்பவும் நம்மதான் கொடுக்கிறோம், வேற வழியா" என்றார். நாம் சொல்ல நினைத்ததை அவரே சொல்லிவிட்டார்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், நடைமுறைக்கு வராது என்பவர்களுக்காக, நடந்த ஊர் ஒன்றைச் சொல்கிறோம். அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் மேய்ன் என்று ஒரு மாநிலம். காடும் மீன்பிடியும் காகித ஆலையும் உள்ள இடம், பணக்கார மாநிலம் இல்லை. 1995 நவம்பரில் ஒரு தேர்தல் நாளன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் ஓட்டுச்சாவடி வாசல்களில் மேசை போட்டு நின்று, ஒரே நாளில் 65,000 கையெழுத்துச் சேர்த்தார்கள். அதன் பலத்தில் 1996இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்து, நூற்றுக்கு 56 பேர் ஆதரித்து, தூய தேர்தல் சட்டம் வந்தது. அரசியல்வாதிகள் கொடுத்த சட்டமல்ல, மக்கள் எழுதி வாங்கிக்கொண்டது.

அது வேலை செய்கிற விதம் நம் சந்தா மாதிரியேதான். 2000ஆம் ஆண்டு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தபோது, மாநிலக் கீழ்ச்சபைக்கு நிற்க விரும்புகிறவர் தன் தொகுதியில் 50 வாக்காளரிடம் ஆளுக்கு 5 டாலர் வாங்கிக் காட்ட வேண்டும். ஐயாயிரம் அல்ல, ஐந்தே டாலர். அந்தப் பணமும் அவர் பைக்குப் போகாது, பொது நிதியில் சேரும். இவருக்கு நிஜமாகவே ஆதரவு இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. பிறகு தேர்தல் செலவுக்குப் பொது நிதியிலிருந்து பணம் வரும்; அவர் தனியாரிடம் நன்கொடைக்குக் கை நீட்டக்கூடாது. அந்த முதல் தேர்தலிலேயே டெபோரா சிம்ப்சன் என்ற பெண், உணவுக்கடையில் பரிமாறுகிற வேலை செய்துகொண்டு தனியாளாகப் பிள்ளை வளர்த்தவர், இந்த வழியில் நின்று ஜெயித்து மாநிலச் சபைக்குப் போனார்.

இங்கே நம்மில் ஒருவர் நிற்க நினைத்தால்? நாடாளுமன்றத்துக்கு வைப்புத்தொகை 10,000 வெள்ளி, சுவரொட்டிக்கு முன்பணம் 5,000 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு ஒன்பது மாதச் சம்பளம். ஒன்பது மாதம் சோறு தின்னாமல் சேர்த்தாலும், எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் அந்தப் பத்தாயிரமும் போச்சு. தோட்டத் தொழிலாளி ஏன் சட்டசபையில் இல்லை என்று மேடையில் கேட்கிற பெரிய மனிதர்கள் இந்தக் கணக்கையும் மேடையில் சொல்லலாம்.

மேய்ன் கதையில் தேன் மட்டும் இல்லை. எதிராளி அதிகம் செலவழித்தால் அதற்கு ஈடாகக் கூடுதல் பணம் கொடுக்கிற ஏற்பாட்டை, அரிசோனா மாநிலத்து வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் செல்லாது என்றது. மேய்ன் சட்டமும் அதனால் பலவீனப்பட்டது. தொண்டர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. மறுபடி கையெழுத்துச் சேர்த்து 2015இல் இன்னொரு வாக்கெடுப்பில் சட்டத்துக்குப் பலம் சேர்த்தார்கள். ஜப்பானிலோ 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி தலைக்கு 250 யென் என்ற கணக்கில் கட்சிகளுக்குப் பொதுப்பணம் போகிறது. அப்படியிருந்தும் 2023 கடைசியில் ஆளுங்கட்சிக்காரர்கள் நிதி விருந்து நடத்திக் கணக்கில் காட்டாமல் பணம் ஒதுக்கியது வெளியே வந்து நாறியது. ஆக, பொதுப்பணம் கொடுத்துவிட்டு, பெயரும் கணக்கும் கேட்காமல் விட்டால் இரண்டு பக்கமும் தின்பார்கள். நன்கொடை வரம்பு, பெயர் வெளியீடு, பொது நிதி, மூன்றும் சேர்ந்து வந்தால்தான் உபயோகம் என்பது நம் கட்சி.

2018இல் நம் நாட்டிலேயே இந்தச் சின்னப் பணத்தின் பலத்தைக் கண்டோம். தேர்தல் புதன்கிழமை என்றதும், ஊருக்குப் போக டிக்கட்டுக்குக் காசில்லாத பிள்ளைகளுக்கு முகம் தெரியாதவர்கள் பத்தும் இருபதுமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். காரில் இடம் இருக்கிறது வா என்று கூப்பிட்டுப் போனார்கள். வெளிநாட்டிலிருந்து தபால் ஓட்டு நேரத்துக்கு வந்து சேராது என்று தெரிந்ததும், விமானம் ஏறுகிற பயணிகளிடம் கொடுத்தனுப்பி, இங்கே விமான நிலையத்தில் தொண்டர்கள் வாங்கித் தொகுதி தொகுதியாகக் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். எந்த முதலாளியும் அதற்குச் செக் எழுதவில்லை.

இனி நம் தோட்டங்களில் ஆக வேண்டிய காரியம். பெயர் தானாக ஏறுகிறது என்பதால் சும்மா இருந்துவிட வேண்டாம். அது அடையாளக் கார்டில் இருக்கிற விலாசத்தைப் பார்த்துத்தான் ஏறுகிறது. தோட்டம் விற்று, லயம் இடித்து, பட்டணத்து அடுக்குமாடிக்குப் போய்ப் பத்து வருஷமானவர்கள் கார்டில் இன்னும் பழைய தோட்டத்து விலாசமே இருக்கிறது. பதிவிலாகாவில் விலாசத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று தேர்தல் ஆணையத்தின் 'மைஎஸ்பிஆர் செமாக்' பக்கத்தில் பேரப்பிள்ளையைக் கைப்பேசியில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்புக் கார்டை வைத்துக்கொண்டு ஓட்டே இல்லாமல் இருக்கும் பெரியவர்களின் பெயர், பிறந்த இடம், இருக்கிற பத்திரங்கள் ஆகியவற்றைக் கிளைச் செயலாளர் தனியாக ஒரு புத்தகத்தில் குறித்து வைக்கட்டும். அதற்கு வேறு ஒரு வாரம் எழுதுகிறோம்.

அடுத்த தேர்தலுக்குச் சாவடி முகவராக உட்கார விரும்பும் பிள்ளைகள் இப்போதே பெயர் கொடுக்கலாம். வாசிக்க, எழுத, கூட்டிக் கழிக்கத் தெரிந்தால் போதும். ஒரு நாள் பயிற்சி. சம்பளம் கிடையாது, சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும். அரிசி கொடுத்த கட்சிக்கு ஆயா ஓட்டுப் போட்டாரா என்று சில தோழர்கள் கேட்பீர்கள். நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய பேத்தி பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள்.